பயறு சாப்பிட்டால் பசி ஏன் பிந்துகிறது?

காலை ஏழு மணிக்குக் கால் இறாத்தல் பாணைச் சொதியில் தோய்த்துச் சாப்பிட்டவருக்குப் பத்து மணிக்கே கால்கள் தேநீர்க்கடைப் பக்கம் திரும்பும். அதே ஏழு மணிக்கு ஒரு கோப்பை அவித்த பாசிப்பயறும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் சாப்பிட்டவர் பெரும்பாலும் மத்தியானச் சோறு வரை தாக்குப்பிடிப்பார். கலோரிக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாண் மட்டும் சுமார் 290, பயறும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து சுமார் 265. புரதமும் இரண்டிலும் பத்துப் பதினொரு கிராம். நார்ச்சத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: பாணில் 3 கிராம், பயற்றில் 14 கிராம்.

"பயறு கல்லு மாதிரி வயிற்றில் கிடக்கும், அதுதான் பசிக்காது" என்று வீடுகளில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. மிச்சப் பாதி வயிற்றுக்குக் கீழே, குடலுக்குள் நடக்கிறது.

முதலில் நார்ச்சத்து என்ற பெயரைப் பார்ப்போம். பெயர் ஆளை ஏமாற்றும். முருங்கைக்காயைச் சப்பிவிட்டுத் துப்புகிறோமே, அந்தச் சக்கை மட்டும் நார்ச்சத்து அல்ல. வெண்டிக்காயின் வழுவழுப்பும், ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்பும், கொய்யாப்பழம் ஜாமாக உறையக் காரணமான பெக்டினும் நார்ச்சத்துத்தான். நமது சிறுகுடலின் நொதியங்களால் உடைக்க முடியாத காபோவைதரேற்று வகைகள் எல்லாவற்றுக்கும் இது பொதுப்பெயர். சோற்றிலுள்ள மாப்பொருளும் மரக்கட்டையிலுள்ள செல்லுலோசும் ஒரே குளுக்கோசுக் கண்ணிகளால் கோத்த சங்கிலிகள்தான். கண்ணியைக் கண்ணியோடு பிணைத்திருக்கும் விதம் மட்டும் வேறு. ஒரு பிணைப்புக்கு நம்மிடம் கத்திரிக்கோல் இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

கரையும் நார், கரையாத நார் என்று பிரிப்பது பாடப்புத்தக வழக்கம். பசியைப் பற்றிப் பேசும்போது அந்தப் பிரிவு அவ்வளவு உதவாது. மூன்று கேள்விகள் கேட்டால் போதும். தண்ணீரில் ஊறிக் கூழாகிறதா? பெருங்குடலில் உள்ள பற்றீரியாக்கள் அதைப் புளிக்கவைக்குமா? மாப்பொருளைத் தன் சுவருக்குள் பூட்டி வைத்திருக்கிறதா? பயறு, கௌபி, கடலை ஆகியவை இந்த மூன்றிலும் ஓரளவுக்கேனும் "ஓம்" சொல்லும். அதனால்தான் இந்தக் கட்டுரை முழுக்க அவை திரும்பத் திரும்ப வருகின்றன.

குடல் எப்படி மூளையோடு பேசுகிறது

1902ஆம் ஆண்டு இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து கணையத்தைத் தூண்டும் ஒரு பொருளைக் கண்டார்கள். அதற்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். "ஓமோன்" என்ற சொல்லே அதற்குப் பிறகு, 1905இல்தான் வந்தது. ஆக, ஓமோன் என்று முதன்முதலில் இனங்காணப்பட்டதே ஒரு குடல் சுரப்பு. குடல் வெறும் குழாய் அல்ல, அது ஒரு பெரிய சுரப்பியும்கூட.

பசியோடு தொடர்புள்ள குடல் ஓமோன்கள் பல. நமக்கு இங்கே நான்கு போதும். கிறெலின் இரைப்பையில் சுரந்து பசியைக் கூட்டுகிறது. 1999இல் ஜப்பானியர் கண்டுபிடித்தது. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது இது தானாகவே ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். தினமும் பத்து மணிக்கு ரோல்ஸ் சாப்பிட்டுப் பழகியவருக்குப் பத்து மணிக்குப் பசிப்பதில் இந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு. சி.சி.கே. சிறுகுடலின் மேற்பகுதியில் சுரக்கும். கொழுப்பும் புரதமும் வந்து சேர்ந்ததும் பித்தப்பையைச் சுருக்கி, இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். ஜீ.எல்.பி.-1, பி.வை.வை. ஆகிய மற்ற இரண்டும் எல் கலங்கள் என்னும் கலங்களிலிருந்து வருகின்றன. "போதும்" என்று மூளைக்குச் சொல்பவை இவை. ஜீ.எல்.பி.-1 இன்சுலினையும் தூண்டிவிடும்.

எல் கலங்கள் குடல் முழுக்கச் சமமாகப் பரவி இருப்பதில்லை. மேலே குறைவு. சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும்தான் நெருக்கம். கொழும்புக் கோட்டையிலிருந்து திருகோணமலைக்கு வரும் புகைவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரைப்பை கோட்டை நிலையம். சீனியும், பாணின் மாப்பொருளும் ஏறியவுடனே இறங்க அவசரப்படும் பயணிகள். குருநாகல், மாகோ வருவதற்குள் இறங்கிப் போய்விடுவார்கள். கல்லோயாச் சந்தி தாண்டி, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா என்று வரும்போது பெட்டி வெறுமை. ஆனால் "ஆள் வந்துவிட்டார்கள்" என்று மூளைக்குத் தந்தி அடிக்கும் நிலைய அதிபர்கள் பெரும்பாலும் கந்தளாய்க்குத் திருகோணமலைப் பக்கம்தான் இருக்கிறார்கள். இறங்க ஆளில்லாவிட்டால் தந்தியும் இல்லை.

நார்ச்சத்தின் வேலை பயணிகளைக் கடைசி நிலையங்கள் வரை கொண்டுவந்து சேர்ப்பது. கூழான நார் இருந்தால் நொதியங்கள் மாப்பொருளை அணுகத் தாமதமாகும், குளுக்கோசு குடற்சுவரை அடையவும் தாமதமாகும். பயற்றின் கலச்சுவர் உடையாமல் இருந்தால் உள்ளே இருக்கும் மாப்பொருளை நொதியம் தொடவே நேரம் பிடிக்கும். அதனால் ஒரு பங்கு உணவு சிறுகுடலின் கடைப்பகுதி வரை வருகிறது. அங்கே எல் கலங்கள் விழித்துக்கொண்டு ஜீ.எல்.பி.-1, பி.வை.வை. இரண்டையும் விடுகின்றன. அவை மேலே இரைப்பைக்கு "மெதுவாக அனுப்பு" என்று சொல்கின்றன. மருத்துவ நூல்கள் இதைக் கடைச் சிறுகுடலின் தடை என்கின்றன. கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் பிரேக்கை அழுத்துகிறார்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. நம் உடல் சுரக்கும் ஜீ.எல்.பி.-1 இரத்தத்தில் நிலைப்பதே இல்லை. சுமார் இரண்டு நிமிடங்களில் அதன் அளவு பாதியாகிவிடும். ஆகவே அது பெரும்பாலும் பக்கத்திலேயே ஓடும் வேகஸ் நரம்பின் நுனிகளைத் தட்டித்தான் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இரண்டாவது அலை

நார்ச்சத்து மட்டும் கடைசி நிலையம் வரை, அதாவது பெருங்குடல் வரை இறங்காமல் வரும். அங்கே பற்றீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. தோசை மா புளிப்பதைப் போன்றதுதான், ஆனால் காற்றில்லாத இடத்தில். வாயுவும் கூடவே மூன்று சிறிய அமிலங்களும் உண்டாகின்றன: அசற்றேற்று (வினாகிரியில் இருப்பது), புரோப்பியனேற்று, பியூட்டிரேற்று. பியூட்டிரேற்று பெருங்குடற் சுவரின் கலங்களுக்கே எரிபொருளாகிறது. இந்த அமிலங்களை உணரும் ஏற்பிகள் எல் கலங்களின் மேல் இருக்கின்றன. அமிலம் தொட்டதும் மறுபடியும் ஜீ.எல்.பி.-1, பி.வை.வை. வருகின்றன. நார்ச்சத்துக்குக் கலோரியே இல்லை என்பது தவறு என்பதும் இதனால்தான். அமிலங்கள் வழியாக ஒரு கிராமுக்குச் சுமார் 2 கலோரி நமக்குத் திரும்பக் கிடைக்கிறது.

இது உடனே நடப்பதல்ல. சாப்பிட்டவுடன் வரும் நிறைவு இரைப்பை விரிவதால். அடுத்த ஒன்றிரண்டு மணி நேர நிறைவில் சி.சி.கே., ஜீ.எல்.பி.-1, பி.வை.வை. ஆகியவை கைகொடுக்கின்றன. புளித்தலின் பலன் வர நான்கு, ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதாவது காலையில் சாப்பிட்ட பயற்றின் ஒரு பங்கு வேலை மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் நடக்கிறது. ஓர் உணவு இரத்தச் சீனியை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் சுட்டெண்ணை உருவாக்கிய கனடாவின் டேவிட் ஜென்கின்ஸ் 1980களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டினார். காலையில் பருப்பு வகை சாப்பிட்டவர்களுக்கு மதிய உணவுக்குப் பிறகு இரத்தச் சீனி குறைவாக ஏறியது, மதிய உணவு ஒன்றாகவே இருந்தபோதும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு காலத்தில் ஸஹருக்கு வெள்ளைப் பச்சரிசிச் சோறும் வாழைப்பழமும் சீனியும் பிசைந்து சாப்பிடும் வீடுகளுக்கு இது நேரடியாகப் பயன்படும். அந்தச் சோற்றில் பாதியைக் குறைத்து அவித்த கௌபியோ கடலையோ வைத்தால் பசி அடங்கி இருக்கும் நேரம் நீளும். தாகத்துக்கு இது தீர்வல்ல. அதற்குத் தண்ணீர்தான்.

அரைத்தால் பாதி போச்சு

நார்ச்சத்தின் அளவை மட்டும் பார்ப்பவர்கள் வழக்கமாகத் தவறவிடும் விஷயம் இது. 1977இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அளவு ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், நார் நீக்கிய சாறாகவும் கொடுத்தார்கள். முழுப்பழம் தின்ன ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரத்தில் சாறு வயிற்றுக்குள் போய்விட்டது. நிறைவு முழுப்பழத்துக்கே அதிகம், அடுத்தது மசியல், கடைசியில் சாறு. மசியலில் நார் அத்தனையும் இருந்தது. இருந்தும் முழுப்பழத்துக்கு ஈடாகவில்லை. கொய்யாவைக் கடித்துத் தின்பதும், பிளெண்டரில் அடித்துச் சீனி போட்டுக் குடிப்பதும் ஒன்றாகா என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

குரக்கனுக்கும் இதே கதை. குரக்கன் மாவில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார் இருக்கிறது, நல்ல அளவு. ஆனால் பவுடர்போல அரைத்து, நீர்க்கக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அதன் மாப்பொருள் வேகமாகவே குளுக்கோசாகும். "சீனி வருத்தத்துக்குக் குரக்கன் நல்லது" என்று கேட்டு மூன்று கோப்பை கஞ்சி குடித்தவருக்கு மீற்றரில் எண் ஏறுவது குரக்கனின் பிழை அல்ல. சற்றுக் கரடாக அரைத்த மாவில், தாராளமாகத் தேங்காய்ப்பூ சேர்த்துப் புட்டாகவோ ரொட்டியாகவோ, அளவோடு சாப்பிடுவது மேல்.

சிவப்பரிசியில் இரண்டு ஏமாற்றங்கள் உண்டு. சிவப்பு நிறம் தவிட்டில் இருக்கிறது. நன்றாகத் தீட்டினால் நிறமும் நாரும் ஒன்றாகப் போய்விடும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து ஆலைகளில் வாங்குபவர்கள் எத்தனை தரம் தீட்டியது என்று கேட்டு, கையில் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும். மணி முழுதும் சிவந்திருந்தால் தவிடு இருக்கிறது. வெள்ளையில் சிவப்புக் கோடுகள் மட்டும் தெரிந்தால் பெரும்பகுதி ஆலையிலேயே போய்விட்டது. இரண்டாவது ஏமாற்றம் அளவில். தீட்டாத அரிசிச் சோறு 100 கிராமில் நார் 1.6 முதல் 1.8 கிராம்தான், வெள்ளைச் சோற்றில் 0.4. மாற்றுவது நல்லது, ஆனால் ஒரு தட்டுக்கு மூன்று கிராம்தான் கூடும். வீட்டில் சிவப்பரிசிக்குச் சண்டை பிடித்துக் களைப்பதை விட, வெள்ளைச் சோற்றையே கொஞ்சம் குறைத்து ஒரு அகப்பை கடலைக் கறி வைப்பது அதிகப் பலன் தரும்.

தேங்காயிலும் இப்படி ஒன்று உண்டு. முற்றிய தேங்காயில் 100 கிராமுக்கு 9 கிராம் நார். பாலைப் பிழிந்தால் நார் முழுவதும் சக்கையோடு நின்றுவிடும். சொதியில் நார் இல்லை, சம்பலில் உண்டு. ஆனால் தேங்காயில் கொழுப்பும் 33 கிராம் இருப்பதால் சம்பலையே நார்ச்சத்துக்கு நம்பி இருக்க முடியாது. கச்சானும் அப்படியே: 100 கிராமில் 8 கிராம் நார், கூடவே 560 கலோரிக்கு மேல்.

ஒரு நாள் கணக்கு

வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. 2 முதல் 5 வயதுக்கு 15 கிராம், 6 முதல் 9 வயதுக்கு 21 கிராம்.

வழக்கமான ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம். காலை கால் இறாத்தல் பாண், கொஞ்சம் சம்பல்: 4 கிராம். மத்தியானம் வெள்ளைச் சோறு 300 கிராம்: 1. பாரை மீன் குழம்பு: கிட்டத்தட்டப் பூச்சியம். ஓர் அகப்பை பருப்பு: 3 அல்லது 4. கொஞ்சம் மரக்கறி: 2. பின்னேரம் பிளேன்ரீயும் பிஸ்கட்டும்: 1. இரவு இடியப்பமும் சொதியும்: 2. எல்லாம் கூட்டினால் 13, 14. தேவையில் பாதிதான்.

இப்போது மூன்றே மாற்றம். காலையில் பாணுக்குப் பதில் பயறும் தேங்காய்ப்பூவும்: 14. மத்தியானம் தீட்டாத அரிசிச் சோறு 250 கிராம், அதே பருப்பு, அதே மீன், 100 கிராம் வெண்டிக்காய்: சேர்த்து 10, 11. பின்னேரம் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கொய்யா: 5. இரவு இடியப்பத்தில் கை வைக்கவில்லை: 2. மொத்தம் 31க்கு மேல். கொய்யா கிடைக்காத நாளில் திருகோணமலை டச் பே கடற்கரையில் விற்கும் கடலைச் சுண்டல் ஒரு சுருள் வாங்கினால் அதே 5 கிராம் வந்துவிடும்.

மீனில் நார் இல்லை என்பதற்காக அதைத் தட்டிலிருந்து எடுக்க வேண்டாம். சி.சி.கே.யையும் பி.வை.வை.யையும் எழுப்புவதில் புரதம் கெட்டிக்காரன். சூடை மீனும் கௌபியும் ஒரே தட்டில் இருப்பது நல்ல கூட்டு.

பழஞ்சோற்றைப் பற்றியும் கேட்பார்கள். சோறு ஆறிக் குளிரும்போது மாப்பொருளில் ஒரு சிறு பங்கு செரிமானத்துக்கு அகப்படாத வடிவத்துக்கு மாறுகிறது. அது நார்ச்சத்துப் போலவே பெருங்குடலுக்குப் போகும். 2015இல் கொழும்பு மாணவர் ஒருவரின் ஆய்வு, தேங்காயெண்ணெய் விட்டுச் சமைத்துக் குளிரூட்டிய சோற்றைப் பற்றி, உலகச் செய்தியாகி "கலோரி பாதியாகும்" என்று பரவியது. அது ஆய்வுகூட அளவீடு. மனிதர் சாப்பிட்டுப் பார்த்த சோதனை அல்ல. பழஞ்சோறு வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து ருசிக்காகச் சாப்பிடலாம், எடை குறையும் என்று சாப்பிட வேண்டாம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

கொஞ்சம்தான். நார்ச்சத்தைக் கொடுத்துப் பசியை அளந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவற்றில் பசியில் தெளிவான வித்தியாசம் இல்லை. நாரின் வகையும் அளவும் ஒவ்வொன்றிலும் வேறு. சில கிராம் நாரைப் பானத்தில் கரைத்துக் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரத்தில் முடிவு பார்த்தால், மேலே சொன்ன இரண்டாவது அலை அதில் அகப்படாது. மாறாக, 2015இல் வெளிவந்த ஒரு பிரித்தானியச் சோதனையில் புரோப்பியனேற்றைப் பெருங்குடல் வரை கொண்டுபோய் விடும்படி செய்த ஒரு நார்த்தூளை, எடை கூடிய 60 பேரில் ஒரு சாராருக்கு நாளுக்கு 10 கிராம் வீதம் 24 வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கு எடை ஏறுவது குறைந்தது. பாதை உண்மையானது என்று அது காட்டுகிறது. மெலியவைக்கும் மந்திரம் என்று காட்டவில்லை.

இசப்கோல் என்ற நார்த்தூளை "ஏழைகளின் ஒசெம்பிக்" என்று காணொளிகளில் விற்கிறார்கள். இரண்டு நிமிடக் கணக்கை இங்கே நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒசெம்பிக் என்னும் நீரிழிவு ஊசியிலுள்ள செமாக்ளுடைட் ஜீ.எல்.பி.-1 போலவே நடிக்கும் மருந்து. அது பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். குடல் தானே விடும் ஜீ.எல்.பி.-1 வந்த வேகத்தில் போய்விடும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

எங்கே பிழைக்கிறது

நிறையப் பேர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவது வாயுவால். பத்துக் கிராமிலிருந்து ஒரே நாளில் முப்பதுக்குத் தாவினால் பெருங்குடலில் புளித்தல் திடீரென்று கூடும், வயிறு ஊதும். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டினால் பற்றீரியாக் கூட்டம் பழகிக்கொள்ளும். முதல் வாரம் அரைக் கோப்பை பயறு போதும். பயறு, கடலையை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால் வாயுவைக் கிளப்பும் சிறு சர்க்கரைகளில் ஒரு பகுதி வெளியேறும். முளைகட்டினால் இன்னும் குறையும்.

அடுத்தது தண்ணீர். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் வியர்வையாகவே நிறையத் தண்ணீர் போகிறது. அந்த நேரத்தில் நாரைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால், இளக வேண்டிய மலம் இறுகிப்போகும். மலச்சிக்கலுக்கு நார் சாப்பிட்டு மலச்சிக்கலைக் கூட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை தண்ணீர் கூட வேண்டும்.

இன்சுலின் போடுபவர்களும், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் சோற்றைப் பாதியாக்கிப் பயற்றைக் கூட்டும் முன் கிளினிக்கில் சொல்ல வேண்டும். மருந்தின் அளவு பழைய சோற்றுக்கு வைத்தது. சோறு குறைந்து மருந்து குறையாவிட்டால் சீனி இறங்கி வியர்த்து, கை நடுங்கும். சிறுநீரக நோயாளர்களுக்குப் பயறு, கீரை வகைகளின் பொற்றாசியம் சிக்கலாகலாம். குடல் சுருங்கியவர்களுக்கும், குடலில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், இரைப்பை ஏற்கெனவே மெதுவாகக் காலியாகும் நீண்டகால நீரிழிவுக்காரருக்கும் இந்தக் கட்டுரையின் அளவுகள் பொருந்தா.

இசப்கோல் எடுப்பவர்கள் ஒரு தேக்கரண்டியை 250 மில்லிலீற்றர் தண்ணீரில் கலக்கி, அது கூழாகும் முன் உடனே குடித்து, மேலே இன்னொரு கோப்பை தண்ணீர் குடிக்க வேண்டும். உலர்ந்த தூளை வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் அது தொண்டையிலேயே ஊதி அடைக்கக்கூடும். விழுங்கச் சிரமப்படும் வயோதிபருக்குக் கொடுக்கவே வேண்டாம். படுக்கப் போகும் நேரத்திலும் வேண்டாம். மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள், தைரொக்சின் குளிசைக்கு நான்கு மணி நேரம்.